கூதிர்க்காலத் தொற்றும் இல்லக் காப்பும்: 1918-19 இன்புளூயன்சா கொள்ளைநோயை முன்வைத்து

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துரைக்கிறது. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பொழுதிற்கேற்ப மாந்தர்தம் உணவும் உறையுளும் ஒழுக்கமும் மாறுவதைச் சங்கப் பாடல்கள் நுட்பமாகப் பதிந்துள்ளன. அவ்வாறு மாறும் வாழ்க்கைமுறைக்கும் சுவாச நோய்கள் பரவுவதற்கும் தொடர்பு உண்டு என்பதை இன்றைய மருத்துவம் தெளிவுபடுத்தியுள்ளது. மக்கள் அந்நோய்களிலிருந்து தம் குடும்பத்தையும் ஊரையும் காத்துக்கொள்ள முயன்ற வரலாறு, மருத்துவ வரலாறாக மட்டுமன்றிச் சமூக வரலாறாகவும் அமைவது.

இந்தியாவில் அவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் 1918-19இல் நிகழ்ந்த இன்புளூயன்சா கொள்ளைநோய் ஆகும். அக்காலத்தில் நோயிலிருந்து காக்கும் வழிகள் எவை எனக் கருதப்பட்டன, அவ்வழிகள் யாருக்குக் கிட்டின, யாருக்குக் கிட்டவில்லை என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. காப்பு என்பது இல்லத்தின் பொறுப்பாகக் கருதப்பட்டபோது இடமும் உணவும் ஆளுதவியும் அற்ற இல்லங்களே பேரிழப்பை எய்தின என்பதும், அக்குறையை ஊர் நிறைவு செய்த இடங்களிலேயே காப்பு பொருளுடையதாயிற்று என்பதும் இதன் கருதுகோளாகும்.

கூதிரும் அடைத்த சாளரமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை, கூதிர்க்கால வாழ்வைக் காட்டும் தலைசிறந்த ஆவணமாகும். மழையால் நனைந்த கோவலர் மேட்டுநிலத்தில் தீக்காய்கின்றனர். நகரிலோ தென்றலுக்கென அமைந்த சாளரங்கள் தாழிடப்படுகின்றன. வேனிலில் பயன்பட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்படுகிறது. மாந்தர் குளிர்ந்த நீரை விடுத்துத் தீமூட்டிய தடவின் அருகே அமர்கின்றனர். திறந்த முற்றத்திலிருந்து அடைத்த அறைக்கு வாழ்க்கை இடம்பெயர்வதையே புலவர் இங்ஙனம் காட்டுகிறார்.

நக்கீரர் நோயைப் பாடவில்லை. குளிரையும் பிரிவையுமே பாடினார். ஆகவே பண்டைத் தமிழர் தொற்றின் இயல்பை அறிந்திருந்தனர் என்று இப்பாடலைக் கொண்டு நிறுவ முயல்வது பொருந்தாது. ஆயினும் அவர் காட்டும் வாழ்க்கைமுறை தொற்றுக்கு ஏற்ற சூழல் எது என்பதை விளக்க உதவுகிறது. இருமலாலும் தும்மலாலும் பேச்சாலும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமற்ற அறையில் தங்கி நிற்கின்றன. பலர் நெருங்கி அமரும் இடத்தில் ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சாகிறது. வடபுலத்துக் குளிர்காலத்தின் உலர்ந்த காற்று வைரசுக்குக் கூடுதல் துணைபுரிகிறது.

இந்திய நகரங்கள் பலவற்றில் நிகழ்ந்த இன்புளூயன்சா கண்காணிப்பு ஆய்வுகள் இத்தொடர்பில் கருதத்தக்கன. சிறீநகரில் சனவரி முதல் மார்ச்சு வரை நோய் உச்சம் பெறுகிறது. தில்லி, புனே, கொல்கத்தா முதலிய நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலமே முதன்மை உச்சமாக அமைகிறது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அஃதாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், உச்சம் காணப்படுகிறது. மரபு கூதிர் என வகுத்த ஐப்பசியும் கார்த்திகையும் அம்மாதங்களோடு பெரிதும் ஒத்துச்செல்வது எண்ணத்தக்கது. பனியாயினும் மழையாயினும் மக்களை அறைக்குள் ஒடுக்கும் பொழுதே சுவாச நோயின் பொழுதாகிறது எனலாம்.

நோய் வந்த வழி

1918ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் காவல் பணியாற்றிய சிப்பாய்கள் சிலர் காய்ச்சலுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் உலகப்போர் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. படைவீரரை ஏற்றிய கப்பல்கள் இடையறாது வந்துசென்றன. துறைமுகத்தில் தொடங்கிய காய்ச்சல் நகரெங்கும் பரவி, தொடர்வண்டிப் பாதைகள் வழியே உள்நாட்டிற்குச் சென்றது. இம்முதல் அலை பரவலாக இருந்தபோதிலும் உயிரிழப்பு குறைவாகவே இருந்தது.

செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பேரழிவை விளைத்தது. 1918 அக்டோபர் 6 அன்று பம்பாய் நகரில் ஒரே நாளில் 768 இறப்புகள் பதிவாயின. மேற்கிலும் நடுவிலும் வடக்கிலும் இழப்பு மிகுதி. கிழக்கிலும் சென்னை மாகாணத்திலும் ஒப்பீட்டளவில் குறைவு. இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் ஒயிட் 1919இல் அளித்த முதனிலை அறிக்கை, ஏறத்தாழ 60 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிட்டது. பின்வந்த மக்கள்தொகை ஆய்வாளர் அதனை மிகக் குறைவான மதிப்பீடாகக் கருதினர். 1986இல் இயன் மில்சு வெளியிட்ட ஆய்வு 1.7 கோடி முதல் 1.8 கோடி வரை என்றது. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் ஏறத்தாழ 1.39 கோடி எனக் கணித்தது. எண்கள் வேறுபடினும் உலகிலேயே மிகுதியான உயிர்களை இழந்த நாடு இந்தியா என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்றைய இந்திய எல்லைக்குட்பட்ட மக்கள்தொகை 1911இல் 25.21 கோடியாக இருந்து 1921இல் 25.13 கோடியாகக் குறைந்தது. குடிமதிப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பதின்ம ஆண்டு அஃதொன்றே.

இவ்வழிவு நோயினால் மட்டும் நேர்ந்ததன்று. 1918இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. விளைச்சல் குன்றித் தானிய விலை உயர்ந்தது. போர்க்காலப் பற்றாக்குறையும் உடன்சேர்ந்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மருத்துவர் பலர் போர்க்களங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். பசித்த உடலில், மருத்துவரற்ற ஊரில், குளிர் தொடங்கும் பொழுதில் நோய் புகுந்தது.

கூறப்பட்ட காப்பு

அன்று நோய்க்காரணம் அறியப்படவில்லை. பைபர் என்னும் செருமானிய அறிஞர் 1892இல் கண்டறிந்த பாக்டீரியாவே இன்புளூயன்சாவுக்குக் காரணம் எனப் பலர் நம்பினர். மனிதரைத் தாக்கும் இன்புளூயன்சா வைரசு இலண்டனில் பிரித்தறியப்பட்டது 1933இல்தான். ஆதலின் 1918இல் உருவாக்கப்பட்ட தடுப்பூசிகள் பாக்டீரியாக்களை நோக்கியனவாகவே அமைந்தன. நோயின் மூலத்தை அவை தடுக்க இயலவில்லை.

எனினும் சுகாதாரத் துறையினர் மக்களுக்குக் கூறிய அறிவுரைகளுட் சில இன்றும் ஏற்கத்தக்கன. கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். காற்றோட்டமற்ற வீட்டினுள் உறங்காது திறந்தவெளியில் உறங்க வேண்டும். காய்ச்சல் கண்டவர் படுத்து ஓய்வுகொள்ள வேண்டும். உடலைக் குளிரிலிருந்து காக்க வேண்டும். எளிதிற் செரிக்கும் உணவு கொள்ள வேண்டும் என்பன அவை. பெர்மாங்கனேட்டு கரைத்த நீரால் வாய் கொப்பளிக்கவும் கூறப்பட்டது. காற்று, இடைவெளி, ஓய்வு, வெம்மை, உணவு ஆகிய ஐந்தும் அன்றைய காப்பின் கூறுகள் எனத் தொகுத்துரைக்கலாம்.

இவ்வைந்தும் அரசு வழங்கக்கூடிய மருந்துகள் அல்ல. இல்லத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. திறந்தவெளியில் உறங்கத் திண்ணையோ மாடியோ வேண்டும். உறங்குவோர்க்குப் போர்வை வேண்டும். ஓய்வுகொள்ள வேண்டுமாயின் அன்றைய கூலியை இழந்தும் அடுப்பெரியும் நிலை வேண்டும். நோயாளியைத் தனித்து வைக்க இரண்டாவது அறை வேண்டும். பம்பாய்த் தொழிலாளருட் பெரும்பாலோர் ஓரறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அவர்க்கு இவ்வறிவுரைகள் உண்மையாயினும் பின்பற்ற இயலாதனவாக இருந்தன.

ஒரே நோய், வேறுவேறு இறப்பு

மேற்கண்ட கூற்றினை அரண்செய்வன பம்பாய் நகரின் இறப்புப் பதிவுகள். 1918இல் இன்புளூயன்சாவால் ஆயிரவருக்கு எத்தனை பேர் மாண்டனர் என்பதை அவை சமுதாயவாரியாகத் தருகின்றன. ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, ஆங்கிலோ இந்தியர் 11.9, யூதர் 14.8, இந்தியக் கிறித்தவர் 18.4, ஏனைய சாதி இந்துக்கள் 18.9, இசுலாமியர் 19.2. அன்றைய பதிவு 'கீழ்ச்சாதி இந்துக்கள்' எனப் பெயரிட்ட ஒடுக்கப்பட்ட மக்களிடையே இவ்விகிதம் 61.6 ஆகும். ஐரோப்பியரினும் இது ஏழு மடங்கிற்கு மேல். சாதி இந்துக்களினும் மும்மடங்கிற்கு மேல்.

நோய்க்கிருமி சாதியறியாதது. அது செல்வர் மனையிலும் புகுந்தது, குடிசையிலும் புகுந்தது. புகுந்தபின் அங்கு என்ன இருந்தது என்பதே வேறுபாட்டை விளைத்தது. நகரின் தூய்மைப் பணியையும் சுமைப் பணியையும் செய்தோர் நெருக்கமான, காற்றுப்புகாத இருப்பிடங்களில் வாழ்ந்தனர். பஞ்சத்தின் சுமை அவர்மேலேயே முதலில் விழுந்தது. ஒரு வீட்டில் உழைப்போர் அனைவரும் ஒருங்கே படுத்துவிட்டால் நீர் முகந்து தருவதற்கும் ஆளில்லை. சாதி, வறுமை, இருப்பிடம் ஆகியன ஒன்றோடொன்று பின்னி இறப்பு விகிதமாக வெளிப்பட்டதை இவ்வெண்கள் காட்டுகின்றன. தனிமனிதரின் எச்சரிக்கையின்மையே நோய்க்குக் காரணம் எனக் கூறும் பார்வைக்கு இவை தக்க மறுப்பாகும்.

காத்தோர் மாண்டமை

பொதுவாக இன்புளூயன்சா குழந்தைகளையும் முதியோரையுமே மிகுதியாகக் கொல்லும். 1918ஆம் ஆண்டின் நோயோ 20 முதல் 40 வயதிற்குட்பட்டோரைப் பெரிதும் பலிகொண்டது. உலகெங்கும் காணப்பட்ட இவ்வியல்போடு இந்தியாவில் மற்றொரு கூறும் சேர்ந்தது. ஈண்டுப் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களினும் மிகுந்திருந்தது. இளமகளிரிடையே இவ்வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டது.

இதற்குரிய காரணங்களுள் இரண்டினை ஆய்வாளர் சுட்டுவர். ஒன்று, பற்றாக்குறைக் காலத்தில் வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் உண்பவர் பெண்களாக இருந்தமை. மற்றொன்று, நோயாளியைப் பேணும் பொறுப்பு முழுவதும் அவர்மேல் சுமத்தப்பட்டிருந்தமை. கஞ்சி காய்ச்சுபவர், நெற்றி துடைப்பவர், சளியும் எச்சிலும் அகற்றுபவர், இரவு விழித்திருப்பவர் அனைவரும் பெண்களே. தாம் காய்ச்சலுற்ற பின்னும் அவர்க்கு ஓய்வு இல்லை. குறிப்பிட்ட மருந்தற்ற அந்நோயில் பேணுதலே மருத்துவமாக இருந்தது. அம்மருத்துவத்தை அளித்தவர்களே அதனைப் பெறாது மாண்டனர்.

இவ்விழப்பின் அகத்தோற்றத்தை இலக்கியம் காட்டுகிறது. இந்திக் கவிஞர் சூரியகாந்த் திரிபாடி நிராலா இந்நோயில் தம் மனைவி மனோகரா தேவியையும் உறவினர் பலரையும் இழந்தார். 1939இல் வெளியான 'குல்லி பாட்' என்னும் நூலில், கங்கையில் பிணங்கள் மிதந்ததையும் தம் குடும்பம் சில நாள்களிலேயே அழிந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். 1940இல் வெளியான அகமது அலியின் ஆங்கிலப் புதினமாகிய 'தில்லியில் அந்திப்பொழுது', இந்நோய்க் காலத்தில் புதைகுழி தோண்டுவோரும் பிணத்துணி விற்போரும் விலையை உயர்த்தியதைச் சித்திரிக்கிறது. முன்னது இல்லத்தின் சிதைவையும் பின்னது ஊரின் ஒழுங்கு குலைவதையும் காட்டுகின்றன. அரசு அறிக்கைகளின் எண்களுக்கு அப்பால் இருந்த வாழ்வை அறிய இத்தகைய படைப்புகள் இன்றியமையாதவை.

ஊர் செய்த காப்பு

அரசின் வலிமை குன்றிய நிலையில் மக்கள் அமைப்புகள் முன்வந்தன. பம்பாயில் சமூக சேவை அமைப்புகளும் சாதி, சமய அமைப்புகளும் மருந்தகங்களையும் தற்காலிக மருத்துவமனைகளையும் திறந்தன. வீடுதோறும் பாலும் மருந்தும் போர்வையும் வழங்கின. மிருதுளா இரமண்ணாவின் ஆய்வு இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. குசராத்தின் சூரத்துப் பகுதியில் கல்யாண்ஜி மேத்தா, தயால்ஜி தேசாய் முதலியோர் வழிநடத்திய இளைஞர் ஊர்ப்புறங்களுக்குச் சென்று மருந்தளித்தனர். இத்தொண்டர் பழங்குடியினர் வாழிடங்கள் வரை சென்றமையை டேவிட் ஆர்டிமேன் ஆராய்ந்துள்ளார்.

இத்தொண்டினை மதிப்பிடும்போது இரு கருத்துகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, தொண்டர் கொண்டுசென்ற மருந்து நோயைத் தீர்க்க வல்லதன்று. அவர் கொண்டுசென்ற பாலும் போர்வையும், வீட்டில் ஒருவர் வந்து பார்த்தார் என்னும் நிலையுமே உயிர்காக்கும் ஆற்றல் பெற்றிருந்தன. இரண்டாவது, சாதிவாரியாக அமைந்த உதவி, அமைப்பு வலிமையுடைய சமுதாயங்களையே முதலில் சென்றடைந்தது. மேற்கண்ட 61.6 என்னும் எண் அவ்வுதவி எட்டாத எல்லையையும் குறிப்பதாகக் கொள்ளலாம்.

இவ்விடத்தில் தமிழ்ச் சமூகத்தின் மரபு ஒன்றை ஒப்பிடுவது பயன் தரும். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்டோர் உள்ளே புகார். அவ்வீட்டாரும் பிறர் வீடு செல்லார். வழிபாட்டுணர்வில் தோன்றிய அவ்வொழுக்கம், நோயின் இருப்பை ஊருக்கு அறிவித்து இடைவெளியையும் உண்டாக்கியது. சளியும் இருமலும் அத்தகைய அடையாளம் எதனையும் பெறவில்லை. அவை ஆண்டுதோறும் வந்துபோகும் எளிய துன்பமாகவே கருதப்பட்டன. காய்ச்சலுற்றவரை உறவினர் நேரில் கண்டு நலம் உசாவுதலே பண்பாடாக இருந்தது. அன்பின் வெளிப்பாடாகிய அதுவே தொற்றின் வழியாகவும் அமைந்துவிடும் முரண் சுவாச நோய்களுக்கே உரியது.

பின்வந்த கொள்ளைநோய்கள்

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பல் வழியே ஆசிய இன்புளூயன்சா இந்தியாவினுள் நுழைந்தது. அப்போது நிலைமை பெரிதும் மாறியிருந்தது. குன்னூர் பாசுடர் நிறுவனத்தில் இன்புளூயன்சா மையம் இயங்கியது. வைரசினை ஆய்வகத்தில் பிரித்தறிய முடிந்தது. 1958 பிப்ரவரி வரை நாட்டில் 44 இலட்சத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் மாண்டதாகவும் பதிவாயிற்று. பதிவுக் குறைபாடுகளைக் கருதினும் 1918ஆம் ஆண்டின் அழிவோடு இதனை ஒப்பிட இயலாது. வைரசின் கடுமை குறைந்திருந்ததும், பஞ்சமற்ற சூழலும், நுரையீரல் அழற்சிக்கு எதிருயிரி மருந்துகள் கிடைத்ததும் இதற்குக் காரணங்களாகும்.

2020இல் கோவிட் பரவியபோது 1918ஆம் ஆண்டின் வினா அதே நகரில் மீண்டும் எழுந்தது. மும்பையின் தாராவி, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பெயர்ந்த தமிழர் உட்படப் பல இலட்சம் உழைக்கும் மக்கள் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் வாழும் பகுதி. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். நோயுற்றோர் தனியறையில் இருக்க வேண்டும் என்னும் அறிவுரை ஓரறை வீட்டில் பொருளற்றது; கழிப்பறையும் பொதுவானது. அங்குப் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் விளையாட்டு வளாகங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றப்பட்டன. அப்பகுதித் தனியார் மருத்துவர் வீடுவீடாகச் சென்று காய்ச்சல் உள்ளோரைக் கண்டறிந்தனர். தனிமையில் இருந்தோர்க்கு உணவு வழங்கப்பட்டது. இல்லத்தில் இல்லாத இரண்டாவது அறையை ஊர் அளித்தது எனலாம். அவ்வாண்டு சூலைக்குள் அங்குப் பரவல் கட்டுக்குள் வந்தது.

இன்று காப்பின் கருவிகள் பெருகியுள்ளன. ஆண்டுதோறும் இடப்படும் இன்புளூயன்சா தடுப்பூசி முதியோர், கருவுற்ற மகளிர், இளங்குழந்தைகள், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோரைக் கடும் நோயிலிருந்து காக்க உதவுகிறது. ஓசெல்டாமிவிர் போன்ற வைரசு எதிர்ப்பு மருந்துகள் நோய்க்குறி தோன்றிய இரு நாள்களுக்குள் தொடங்கப்பெற்றால் மிகுந்த பயன் அளிக்கின்றன. முகக்கவசத்தின் பயன் அறியப்பட்டுள்ளது. ஆயினும் அறையின் சாளரத்தைத் திறத்தல், நோயுற்றவர் வேலைக்கும் பள்ளிக்கும் செல்லாது ஓய்ந்திருத்தல், பேணுவோர் தம்மையும் காத்துக்கொள்ளுதல் ஆகிய அடிப்படைகள் மாறவில்லை. ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பற்ற உழைப்பாளிக்கு ஓய்வு இன்றும் எட்டாத மருந்தாகவே உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. 1918இல் நோய்க்காரணம் அறியப்படாதபோதும் காப்பின் அடிப்படைகள் ஓரளவு அறியப்பட்டிருந்தன. அவை இல்லத்தின் உடைமையைச் சார்ந்திருந்தமையால் அனைவர்க்கும் கிட்டவில்லை. இறப்பு விகிதம் சாதியையும் வறுமையையும் பால் வேறுபாட்டையும் பின்பற்றியது. பேணும் பணியே உயிர்காத்த மருத்துவமாக இருந்தும் அதனைச் செய்த மகளிர் காப்பின்றி விடப்பட்டனர். ஊரும் அமைப்புகளும் இல்லத்தின் குறையை நிறைவு செய்தபோது நோயின் கடுமை தணிந்தது.

தமிழியல் ஆய்வாளர்க்கு இத்துறையில் ஆற்ற வேண்டிய பணிகள் உள. அக்கால இதழ்களின் இறப்புச் செய்திகள், குடும்பக் கடிதங்கள், கோயில் கணக்குகள், வாய்மொழிப் பாடல்கள், ஊர்ப் பெரியோரின் நினைவுகள் ஆகியவற்றுள் இந்நோயின் தடங்களைத் தேடித் தொகுத்தல் வேண்டும். தமிழகத்திற்கு வெளியே பம்பாயிலும் இரங்கூனிலும் தொழில்நாடிச் சென்று வாழ்ந்த தமிழர் அக்குளிர்காலத்தை எங்ஙனம் கடந்தனர் என்பதும் தனியே ஆராயத்தக்கது. காப்பு என்னும் சொல் தமிழில் இறைவணக்கச் செய்யுளையும், குழந்தைக்குக் கட்டும் வளையத்தையும், விழாத் தொடக்கத்தில் ஊரார் கட்டிக்கொள்ளும் நாணையும் குறிக்கும். இவற்றுள் ஊரார் சேர்ந்து கட்டிக்கொள்ளும் காப்பின் பொருளே சுவாசத் தொற்றுக்குப் பொருந்துவது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.